ஹைப்பரா, ஹைப்போவா? ஒரே எழுத்தில் தொடங்கும் மருத்துவச் சொற்களைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பின் பின்பக்க லோரோங் சந்திலிருந்து ஒரு தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தார். “மிஸ்ஸி அக்கா, அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது. போன மாசம் கிளினிக்ல ஹைப்பர்னு சொன்னாங்க. அதனால சீனியைக் கண்ணுலயே காட்டல.” கையில் அந்த அம்மாவின் இனிப்புநீர்ப் புத்தகம் இருந்தது. திறந்து பார்த்தேன். எழுதியிருந்தது ஹைப்போ.

விரதம் என்று பசியாறாமல் மாத்திரையை மட்டும் விழுங்கியிருக்கிறார். விரலில் குத்திப் பார்த்தபோது 2.9. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்து, “ஏன்டா எல்லாரும் நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் எல்லாவற்றையும் நம் பேச்சிலேயே சொல்லிவிடுவார்: ரத்தம் கம்மி, கொதிப்பு ஏறிப்போச்சு, இனிப்புநீர். இன்று தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் காலியாகி நாம் தாமான்களுக்கு வந்துவிட்டோம். கிளினிக்கில் மலாயும் ஆங்கிலமும், ஆய்வுக்கூடத் தாளில் வெறும் எழுத்துகளும் எண்களும். தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்ற எனக்கு, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் தோன்றுகிறது: சொற்கள் நீளமாக இருப்பது பெரிய இடைஞ்சல் இல்லை. முதல் இரண்டு மூன்று எழுத்துகள் ஒன்றாக இருப்பதும், மீதியை நாம் கேளாமல் விட்டுவிடுவதும்தான் இடைஞ்சல்.

படி 1: சொல்லை வாலிலிருந்து படியுங்கள்

தமிழ்ப்பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. படித்தேன், படித்தாய், படித்தார்கள் மூன்றும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. யார் படித்தது என்பதை விகுதி சொல்கிறது. கிரேக்க, லத்தீன் வேர்களிலிருந்து கட்டிய மருத்துவச் சொற்களும் அப்படித்தான். விகுதி பிடிபட்டால் பாதிச் சொல் பிடிபட்ட மாதிரி.

‘ஈமியா’ என்று முடிந்தால் ரத்தத்தைப் பற்றிய பேச்சு: அனீமியா, லுக்கீமியா. ‘யூரியா’ என்று முடிந்தால் சிறுநீரில் ஏதோ கலந்திருக்கிறது: ஹெமட்டூரியா என்றால் சிறுநீரில் ரத்தம். ‘ஐட்டிஸ்’ அழற்சி. ‘பதி’ என்றால் கோளாறு. ‘எக்டமி’ வெட்டி எடுத்துவிடுவது, ‘ஸ்கோப்பி’ குழாய் விட்டுப் பார்ப்பது. அப்பெண்டிசைட்டிஸ் என்றால் குடல்வால் வீங்கியிருக்கிறது, அப்பெண்டிசெக்டமி என்றால் அதை எடுக்கப் போகிறார்கள். அறுவைக்குக் கையெழுத்துப் போடும் நேரத்தில் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ரத்தப் பரிசோதனைத் தாளில் தனியாக ‘யூரியா’ என்று வந்தால் அது விகுதி அல்ல, ஒரு பொருள். நாம் செம்பனைக்குப் போடும் உரத்தில் இருக்கும் அதே வேதிப்பொருள், புரதம் சிதையும்போது உடலிலும் உண்டாகிறது. அது ரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் சரியாக வெளியேற்றுகிறதா என்று பார்ப்பார்கள். உரம் போட்டதால் வந்ததோ என்று வெளிக்காட்டு வேலை செய்த ஒரு தாத்தா என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இது உடலே உண்டாக்குவது, உரத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை என்றேன்.

படி 2: ‘பர்’ என்றால் உயர், ‘போ’ என்றால் போயிற்று

வால் தெரிந்த பின் தலைக்கு வாருங்கள். ஹைப்பர் என்பது கிரேக்கத்தில் ‘மேலே’, ஹைப்போ ‘கீழே’. நம் மொழியில் செய்வான், செய்யான் என்பதைப் போல, நடுவில் ஒன்று மாறினால் பொருள் நேர்மாறாகிவிடும். மலாய்த் துண்டுப் பிரசுரங்களில் ஹீப்பெர், ஹீப்போ என்று இன்னும் நெருங்கி ஒலிக்கும்.

நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் நினைவுக் குறிப்பு இதுதான். ஹைப்பர் என்பதன் கடைசி ஓசையைக் கேளுங்கள், ‘உயர்’ என்பதன் ஓசை அதிலேயே இருக்கிறது. ஹைப்போவில் ‘போ’ இருக்கிறது: குறைந்துபோனது. பர், உயர். போ, போயிற்று. பேரப்பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லுங்கள், அவர்கள் மறக்க மாட்டார்கள்.

இனி ஒவ்வொரு இணையாக.

சர்க்கரை: ஹைப்பர்கிளைசீமியா, ஹைப்போகிளைசீமியா. கிளை என்பது இனிப்பு, ஈமியா ரத்தம். முன்னதில் தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி, கண் மங்கல், பெரும்பாலும் மெதுவாக வரும். பின்னது திடீரென்று வரும்: வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, பிறகு குழப்பம், பேச்சுக் குழறல். 4.0க்குக் கீழே இறங்கினால் ஹைப்போ என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் விழித்திருந்து விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், அல்லது முக்கால் கப் இனிப்புப் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். ஏறிய பிறகு ஒழுங்காகச் சாப்பாடு. சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள்.

எல்லா இனிப்புநீர் மருந்தும் ஹைப்போவைக் கொண்டுவராது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அது அரிது. கிளிக்லசைட் மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பசியாறாமல் இருப்பவர்களுக்குத்தான் பெரும் ஆபத்து. விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர்கள், புரட்டாசி விரதம், தைப்பூச விரதம் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விரதத்தை விடச் சொல்லவில்லை. தொடங்குவதற்கு முன்னாடியே கிளினிக்கில் சொல்லி மருந்தை மாற்றி எழுதி வாங்குங்கள்.

இன்னொரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டு மருத்துவர்களின் காணொளியில் 100, 126, 200 என்று சொல்வார்கள். நம் கருவியில் 5.6, 7.0, 11.1 என்று வரும். அவர்கள் மில்லிகிராமில் சொல்கிறார்கள், நாம் மில்லிமோலில் அளக்கிறோம். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண். ‘70க்குக் கீழே போனால் ஆபத்து’ என்று கேட்டுவிட்டு, தன் கருவியில் 9 வந்ததைப் பார்த்துப் பயந்து சீனித் தண்ணீர் குடித்தவரை எனக்குத் தெரியும். 9 என்பது அவர்கள் கணக்கில் 162.

ரத்த அழுத்தம்: ஹைப்பர்டென்ஷன், ஹைப்போடென்ஷன். “எனக்கு டென்ஷனே இல்லையே, வீட்டில் நிம்மதியாத்தானே இருக்கேன்” என்று சொல்லி மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. இந்த டென்ஷன் மனக்கவலை அல்ல. ரத்தக்குழாய்ச் சுவர் இழுபடும் விசை. 140/90ஐ எட்டி அங்கேயே நின்றால் அது ஹைப்பர்டென்ஷன், நாம் சொல்லும் கொதிப்பு, மலாயில் டாரா திங்கி. மனம் அமைதியாக இருப்பவருக்கும் வரும், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

தைராய்டு: இந்த இணையில்தான் தாளைப் படிக்கத் தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள். ஹைப்போதைராய்டு என்றால் சுரப்பி மந்தம்: எடை ஏறும், குளிர் தாங்காது, மலச்சிக்கல், சோர்வு. ஹைப்பர்தைராய்டு என்றால் மிகைச் சுரப்பு: எடை குறையும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும். ஆனால் தாளில் உள்ள டிஎஸ்எச் எண் தலைகீழாக நடக்கும். அது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்குப் போடும் சத்தம். தைராய்டு தூங்கினால் சத்தம் கூடும். ஆகவே ஹைப்போவில் பெரும்பாலும் டிஎஸ்எச் உயர்ந்திருக்கும், ஹைப்பரில் தாழ்ந்திருக்கும். மருந்தும் எதிரெதிர்: ஹைப்போவுக்கு லீவோதைராக்சின், ஹைப்பருக்கு கார்பிமசோல். அக்காவின் மாத்திரையைத் தங்கை கடன் வாங்கிச் சாப்பிடுவது இந்த நோயில் நடக்கவே கூடாது. லீவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணிநேரமாவது கழித்துப் பசியாறுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

உப்புகள்: ஹைப்பர்கலீமியா, ஹைப்பர்கால்சீமியா. இங்கே தலையும் ஒன்று, வாலும் ஒன்று. நடுவில் ஒரு ‘சீ’தான் காப்பாற்றுகிறது. கலீமியா என்பது பொட்டாசியம், மலாயில் காலியம், தாளில் கே என்ற எழுத்து. கால்சீமியா என்பது கால்சியம், மலாயில் கால்சியுமுக்கும் காலியமுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம்தான். பொட்டாசியம் ரத்தத்தில் ஏறக்குறைய 3.5 முதல் 5.0 வரை இருக்க வேண்டும். மிகவும் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ‘ஹைப்பர்கலீமியா’ என்று சொன்னால் இளநீரை நிறுத்தச் சொல்வது அதனால்தான். அதைக் கால்சியம் என்று கேட்டுப் பாலை நிறுத்திவிட்டு, உடம்புச் சூட்டுக்கு என்று தினமும் இளநீர் குடித்தவர் ஒருவர் என் சொந்தத்திலேயே இருந்தார். பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழமும் சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும்: விக்கல் நிற்காது, குழப்பம், வலிப்பு வரை போகும்.

எல்லா ஹைப்போவும் நோயில்லை. ஹைப்போதலாமஸ் என்பது மூளையில் தலாமஸுக்குக் கீழே இருக்கும் பகுதி, எல்லாருக்கும் உண்டு. ஹைட்ரோ என்று தொடங்கினால் அது வேறு குடும்பம், நீர்: ஹைட்ரோசெஃபலஸ் மூளையில் நீர் கோத்தல், ஹைட்ரோசீல் விரைவீக்கம்.

படி 3: எச்பி, எச்பிஏ1சி, எச்பிஎஸ்ஏஜி

ஒரே தாளில் மூன்றும் வரும். மூன்றும் வெவ்வேறு உலகம். இதை நிதானமாகப் படியுங்கள்.

எச்பி என்பது ஹீமோகுளோபின், ரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்புப் புரதம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே, ஆணுக்கு 13க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இந்த எண் குறைந்தால் கவலை.

எச்பிஏ1சி என்பது அந்த ஹீமோகுளோபினில் எவ்வளவு சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் இந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும். முந்தின நாள் மட்டும் பத்தியமாக இருந்து இதை ஏமாற்ற முடியாது. இந்த எண் கூடினால் கவலை. முதல் இரண்டு எழுத்தும் ஒன்று, நல்லது கெட்டது மட்டும் நேர்மாறு. “எச்பி 10 இருக்கு, சர்க்கரை ஏறிடுச்சு” என்று அழுத ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் தாளை வாங்கிப் பார்த்தேன். அவளுக்குத் தேவைப்பட்டது இரும்புச்சத்து. தலசீமியா உள்ளவர்களுக்கும் அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் ஏ1சி எண் தவறாக வழிகாட்டலாம். அதை மருத்துவரிடம் நீங்களே நினைவூட்டுங்கள்.

எச்பிஎஸ்ஏஜிக்கும் ஹீமோகுளோபினுக்கும் உறவே இல்லை. ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதம் அது. அதைக் கண்டறிந்த பரூக் பிளம்பர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். அது ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் கிருமி உடலில் இருக்கிறது. ‘ஆன்டி எச்பிஎஸ்’ ரியாக்டிவ் என்று வந்தால் பொதுவாக அது நல்ல செய்தி, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. ‘ஆன்டி’ என்ற முன்சொல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 1989இல்தான் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த நம் தலைமுறை ஒருமுறையாவது சோதித்துக்கொள்வது நல்லது.

படி 4: ஹெமா ரத்தம், ஹெப்பா கல்லீரல்

ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் ஒரே நாளில் மூன்றையும் கேட்பீர்கள். ஹீமோடயாலிசிஸ் என்பது ரத்தத்தை இயந்திரத்தில் கழுவுவது. அப்போது ரத்தம் குழாயில் உறையாமல் இருக்கக் கொடுப்பது ஹெபரின். ஹெப்படைட்டிஸ் பி ஊசி தனி, அது தடுப்பூசி. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துக்குக் கல்லீரலின் பெயர் எப்படி வந்தது? 1916இல் அதை முதலில் நாயின் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தார்கள், ஹெப்பார் என்றால் கிரேக்கத்தில் கல்லீரல்.

ஹெமரேஜ் என்றால் ரத்தப்போக்கு. ஹெமரோயிட் என்றால் மூலம். மூளை ஸ்கேன் எடுத்த பிறகு முன்னதைச் சொன்னார்கள் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஹெர்னியா குடலிறக்கம், ரத்தத்தோடு சம்பந்தமில்லை. ஹெமட்டூரியாவோ என்று பயப்படுவதற்கு முன், முந்தின நாள் சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டீர்களா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறீர்களா என்று யோசியுங்கள். இரண்டும் சிறுநீருக்கு நிறம் கொடுக்கும். இரண்டும் இல்லாமல் சிவந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

படி 5: நெஃப்ரோ, நியூரோ, நியூமோ

நெஃப்ரோ சிறுநீரகம், நியூரோ நரம்பு, நியூமோ நுரையீரல். இனிப்புநீர்க்காரர்கள் முதல் இரண்டையும் பிரித்தறிந்தே ஆகவேண்டும். நெஃப்ரோபதி இருக்கிறதா என்று சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள். நியூரோபதி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் தலையாட்டினால் பிறகு ஆணி குத்தினதும் தெரியாமல் கால் அழுகும். ஈப்போவுக்கு அனுப்பும் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நரம்புப் பிரிவில் வரிசையில் காத்திருந்துவிட்டு, சிறுநீரகப் பிரிவு மூடிய பின் திரும்பியவர்கள் உண்டு.

படி 6: லெப்டோ என்றதும் குட்டம் என்று நினைக்காதீர்கள்

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவர் காய்ச்சலோடு போனார். “லெப்டோவாக இருக்கலாம்” என்றார்கள். வீட்டுக்கு வந்து தட்டையும் பாயையும் தனியாக வைத்துக்கொண்டார். அவர் காதில் விழுந்தது லெப்ரசி. சுங்கை பூலோவில் 1930இல் தொடங்கிய தொழுநோய்க் குடியிருப்புக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர், பயந்ததில் வியப்பில்லை.

லெப்டோ என்றால் ‘மெல்லிய’. லெப்டோஸ்பைரோசிஸ் என்பது மெல்லிய சுருள் வடிவக் கிருமியால் வரும் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேறும் தண்ணீரும் காயத்தின் வழியாகக் கிருமியை உள்ளே விடும். தோட்டத்தில் ஆந்தைக் கூண்டு வைத்து எலியைக் குறைப்பது பயிருக்காகத்தான், ஆனால் நமக்கும் நன்மை. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை என்று போகும். சீக்கிரம் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கினால் குணமாகும், விட்டால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையும் எடுக்கும். வாரம் முழுக்கத் தோட்டத்தில் நின்றவர் காய்ச்சலோடு போனால், என்ன வேலை செய்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள். லெப்ரசி என்பது வேறு கிருமி, தோலில் உணர்ச்சியற்ற தேமல், ஆண்டுக்கணக்கில் மெதுவாக வரும். உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் அதுவும் முழுமையாகக் குணமாகிறது. தட்டைத் தனியாக வைக்க இரண்டுக்குமே தேவையில்லை.

மலாயிலும் இதே வலை உண்டு: கென்சிங் மானிஸ் இனிப்புநீர், கென்சிங் தீகுஸ் எலிக்காய்ச்சல், கென்சிங் பெர்டாரா சிறுநீரில் ரத்தம். இரண்டாம் சொல்லைக் கேட்ட பிறகே தலையாட்டுங்கள்.

படி 7: மாத்திரைப் பையில் ‘மெட்’

மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு. மெட்டோப்ரோலால் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும். மெட்ரோனிடசோல் கிருமிக்கு, அதை எடுக்கும் நாட்களில் மதுவைத் தொடக்கூடாது. மெட்டோக்ளோப்ரமைடு வாந்திக்கு. மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும்போது வாரத்துக்கு ஒரு முறை மட்டும். அதைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பட்டுப்போய் உயிர் போகும். எந்தக் கிழமை என்று பையின் மேலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள்.

மருந்துப் பெயரிலும் வால்தான் இனம் சொல்லும். ‘ஓலால்’ என்று முடிவது இதயத்துடிப்பை நிதானமாக்கும் இனம், ‘ப்ரில்’ ‘சார்டன்’ அழுத்தத்துக்கு, ‘ஸ்டாட்டின்’ கொழுப்புக்கு.

படி 8: எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு

வீட்டுப் பாட்டியின் ஹைப்போவைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு உயிரியல் பாடம் எளிது. ஹைப்பர்டோனிக் கரைசலில் வெளியே உப்பு அதிகம், செல்லிலிருந்து நீர் வெளியேறிச் செல் சுருங்கும். கருவாடு கெடாமல் இருப்பது இதனால்தான். ஹைப்போடோனிக்கில் நீர் உள்ளே பாய்ந்து சிவப்பணு வெடிக்கும். குளுக்கோஸ் சர்க்கரை, கிளைக்கோஜென் அதைக் கல்லீரலில் சேர்த்துவைத்த மூட்டை, குளுக்ககான் அந்த மூட்டையை அவிழ்க்கச் சொல்லும் ஹார்மோன். தேர்வில் மதிப்பெண் கரைவது இந்த மூன்றில்தான்.

படி 9: கிளினிக்கில் கேட்க வேண்டியது

ஒரு சிறு நோட்டு வாங்கி மூன்று கட்டம் போடுங்கள்: சொல், தமிழில் என்ன, நான் என்ன செய்யவேண்டும். மருத்துவர் சொல்லும்போது, “டொக்டர், தோலோங் தூலிஸ்” என்று நோட்டை நீட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு ஒரே கேள்வி: “திங்கி அத்தாவ் ரெண்டா?” கூடவா, குறைவா? பதிலுக்கு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டால் போதும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்.

அந்தத் தம்பியின் அம்மா இப்போது நோட்டை மாத்திரை டப்பாவோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் மகன் கொட்டை எழுத்தில் எழுதியது: ஹைப்போ, அம்புக்குறி கீழே, சீனி மூன்று கரண்டி.